விளிம்பு வரை தேநீர்

ஒரு பிள்ளையின் மனத்துயரம் அந்த வருஷம் எங்கள் கிர்கீஸ் ஊரான கரா-சூவில் முந்நூறு சோமுக்குப் போயிற்று. ஆட்டுக்கறி கிலோ அறுநூறு. இரண்டு பிள்ளைகளின் நெஞ்சைத் திறந்து பார்த்தால் ஒரு கிலோ கறி, அதுவும் எலும்போடு. துயரமே இல்லாத பிள்ளைக்கும் அதே முந்நூறுதான் என்பது இந்த வியாபாரத்தின் விசேஷம். கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்; சரக்கைப் புரட்டிப் பார்க்க ஆளில்லை.

நான் சந்தையில் பஞ்சு மெத்தையும் போர்வையும் விற்கிறவள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள்தாம் எங்கள் கடைகள். கீழ்ப்பெட்டியில் வியாபாரம், மேல்பெட்டியில் இருப்பு. பேரம் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவுக்கு இடுப்புவலி எடுத்தபோது அப்பா ஒரு கழுதையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விலை படிந்த பிறகுதான் மருத்துவச்சியைக் கூப்பிடப் போனார். அவளிடமும் குறைத்துக் கேட்டார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கும் கேள்விகளை வைத்துப் பேரம் பேசுவதைப் பார்க்கக் கிடைத்தது அந்தக் குளிர்காலத்தில்தான், பக்கத்து வீட்டு அசில்கான் டீச்சரிடத்தில்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு நிறுவனம் வந்திருந்தது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கப்போகிறார்களாம். கேள்விகள் எந்த ஊரிலோ பிறந்து ரஷ்ய மொழி வழியாக வந்தவை. அவற்றை எங்கள் பேச்சில் போட்டு, எங்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி திருத்தித் தரும் வேலை அசில்கானுக்கு. அவள் பள்ளியில் கிர்கீஸ் இலக்கியம் நடத்துகிறவள், புருஷனை இழந்தவள், மொழி விஷயத்தில் தராசுக்காரி. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் முகம் சுளிப்பாள்.

அவள் எழுதியதை ஊர்ச்சபை ஒன்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்குக் கரி இல்லாததால் திங்கள் பிற்பகலில் அவள் வீட்டிலேயே கூடினோம். தலைமையாசிரியர் மாமசாலி, தெருப் பெரியவர் எர்கேஷ், நிறுவனத்திலிருந்து சோல்பான் என்கிற பெண், தாய்மார் சார்பில் நான். வாய் உள்ளவள், திங்கட்கிழமை சந்தை விடுமுறை, வீடும் பக்கத்தில். இதற்கு மேல் தகுதி வேண்டுமா?

விரிப்பில் ரொட்டி, உலர்ந்த பாதாமிப்பழம், வெண்ணெயில் பொரித்த மாவுருண்டை. தேநீர் ஊற்றுவது மருமகள் ஜிபார்.

முதல் நாள் சோல்பான் வாசித்தாள். "போன ரெண்டு வாரத்துல உனக்குப் பிடிச்ச பொழுதுபோக்குல நாட்டம் குறைஞ்சிருக்கா? உதாரணத்துக்கு சைக்கிள், சினிமா, நாய்க்குட்டியோட விளையாடறது."

"நாய்க்குட்டியோட எவன் விளையாடறான்?" என்றார் எர்கேஷ். "நாய் வாசல்ல கெடக்கும். திருடன் வந்தா குலைக்கும். அதுக்கு வேற வேலை இருக்கு."

"நாயை எடுத்துடலாம் தாத்தா. வேற என்ன போடலாம்?"

"வாலிபால் போடு, ஃபோன் போடு, கல்யாண வீட்டு ஆட்டம் போடு," என்றேன்.

மாமசாலி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஃபோனை எடுங்க. அதுல நாட்டம் குறைஞ்ச ஒரே ஒரு பிள்ளையைக் காட்டுங்க, நான் அன்னிக்கே வேலைய விட்டுடறேன்."

"அப்ப யாரும் காட்டாதீங்கப்பா. அடுத்து வர்ற ஹெட்மாஸ்டர் இவரை விட மோசமா இருப்பான்," என்றேன்.

"ராய்கான், உன் வாய்க்கு ஒரு கன்டெய்னர் பூட்டு போதாது."

இப்படியே நாய் போயிற்று, சினிமா போயிற்று. வாலிபால் நிலைத்தது. அசில்கான் ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துத் திருத்தினாள். 'சோர்வாக உணர்கிறாயா' என்ற கேள்வி வந்தபோது தலையை ஆட்டினாள்.

"இந்த ஊர்ல எந்தப் பிள்ளையும் சோர்வா இருக்கேன்னு சொல்லாது. சொன்னா, வேலை செய்ய வலிக்குதான்னு முதுகுல ஒண்ணு விழும். 'நெஞ்சை யாரோ கையால பிடிச்சு இறுக்குற மாதிரி இருக்கா'ன்னு கேளுங்க. பிள்ளை உங்களை நிமிந்து பாக்கும்."

சோல்பானுக்குக் கண் மலர்ந்துவிட்டது. "டீச்சர், இதைத்தான் நாங்க தேடி வந்தோம்."

அந்த நேரத்தில்தான் ஜிபார் நிமிர்ந்து பார்த்தாள். நான் கவனித்தேன். என் தொழிலில் வாங்க வந்தவர் எந்தத் துணியில் கண்ணை ஒரு நொடி அதிகம் நிறுத்துகிறார் என்பதுதான் முதலீடு. மறுநொடி அவள் குனிந்து, எர்கேஷின் கிண்ணத்தில் பாதி ஊற்றி, கையை நெஞ்சில் வைத்து நீட்டினாள். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். தீரத் தீர ஊற்றலாம், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் நடை பழகுவதற்கு முன் பெண்பிள்ளைக்கு இது பழகிவிடும்.

ஜிபார் அசில்கானிடம் படித்த பெண். பத்தாம் வகுப்பில் முதல். பாட்டை ஒப்பித்தால் வகுப்பே வாயைப் பிளக்கும், எழுத்து அச்சுக்கோத்த மாதிரி. எங்கள் சந்தையில் சிலர் செய்வார்கள்: மூட்டை பிரித்ததும் கண்ணில் படுகிற நல்ல துணியை வாடிக்கைக்காரருக்குக் காட்டாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். அசில்கானும் அதைத்தான் செய்தாள். ரஷ்யாவில் யெகாத்தரின்பர்க்கில் கிடங்கு வேலை பார்க்கிற மகன் உலான் இலையுதிர்காலத்தில் விடுப்பில் வந்தான். நிக்காஹ் நடந்தது. பத்து நாளில் திரும்பிப் போய்விட்டான். பதினெட்டு நிரம்பாத பெண் என்பதால் அரசுப் பதிவு கிடையாது. தெரிந்தால் நிக்காஹ் ஓதியவரும் மாமியாரும் சேர்ந்து உள்ளே போகவேண்டியதுதான். பையில் இருந்த பள்ளிப் புத்தகங்கள் அடுப்புக்குப் போகவில்லை, அந்த மட்டில் அசில்கான் படித்தவள். தன் மகள் பெகிமாய்க்குக் கொடுத்தாள்.

பெகிமாய்க்குப் பதினாறு. ஜிபாருக்குப் பதினேழு. போன வருஷம் ஒரே பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்தவர்கள். இந்த வருஷம் ஒருத்தி எட்டு மணிக்கு எழுந்து, "அண்ணி, என் வெள்ளைச் சட்டை எங்கே" என்பாள். மற்றவள் அதற்குள் முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் இறைத்து, மாவு பிசைந்து, அந்தச் சட்டையைத் தேய்த்தும் வைத்திருப்பாள். பெகிமாய் கெட்டவள் இல்லை. வீட்டில் அவள் பிள்ளை, இவள் மருமகள், அவ்வளவுதான்.

பிப்ரவரி நடுவில் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ஒரு காலை கடைக்குப் போகுமுன் சூடான ரொட்டிக்காக அசில்கான் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தேன். தந்தூர் அடுப்புக்குமுன் ஜிபார் முழங்கை வரை துணி சுற்றிக்கொண்டு குந்தியிருந்தாள். உள்ளே ஒட்டியிருந்த ரொட்டிகள் கருகுகிற வாசனை. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"ஏய், மாவுக்கு என்ன பாவம்?"

திடுக்கிட்டு எடுத்தாள். நான்கு ரொட்டி கரி.

"மாமியார் வர்றதுக்குள்ள கோழிக்குப் போடு. நல்லதா ரெண்டு எனக்குக் குடு. சாப்பிட்டியா நீ?"

"பசிக்கல அக்கா."

"எப்போலேருந்து?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ரொட்டியைத் துணியில் சுற்றியபடி கேட்டாள். "அக்கா, அந்தக் கேள்வியெல்லாம் யாரு யாருகிட்ட கேப்பாங்க?"

"பன்னெண்டுலேருந்து பதினெட்டு."

"எனக்குப் பதினேழு."

"தெரியும்."

"எனக்கும் போடச் சொல்லுங்களேன். டீச்சர்கிட்ட... அத்தைகிட்ட நான் கேக்க முடியாது. நீங்க சொன்னா வெளையாட்டு மாதிரி இருக்கும்."

"எதுக்குடி உனக்கு? முந்நூறு சோம் கேட்டு எழுதறவளுக்குத்தான். பதில் சொல்றவளுக்கு ஒண்ணும் கெடையாது."

"நான்தான அக்கா எல்லாத்தையும் நல்லெழுத்துல எழுதறேன். அத்தை திருத்தத் திருத்த எழுதிக்கிட்டே இருக்கேன். அந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை தடவை எழுதினேனோ. எழுதி முடிச்சதும் பேனா நிக்குது. பக்கத்துலயே நாலு கட்டம் இருக்கில்ல."

கடைசிக் கேள்வி ஒன்பதாவது. 'இந்த உயிர் எனக்கு எதற்கு என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?' அசில்கான் மிகவும் மெனக்கெட்டு வடித்த வாக்கியம் அது.

"எந்தக் கட்டத்துல டிக் போடுவே?"

அடுப்பைப் பார்த்தாள். "ஆமான்னு போட்டா என்ன பண்ணுவாங்க?"

"டாக்டர்கிட்ட அனுப்புவாங்களாம். ஓஷ் டவுனுக்கு."

"ஓஷுக்கா?" என்றாள். "அப்ப வெளியில கூட்டிட்டுப் போவாங்க."

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே அசில்கானைப் பிடித்தேன். அவள் சமையலறையில் கேரட்டை நீளநீளமாக அரிந்துகொண்டிருந்தாள், பிலாவ் சோற்றுக்கு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவள் நான். முதலில் வேறு சரக்கின் விலை கேட்கவேண்டும்.

"பெகிமாய்கிட்ட கேட்டுப் பாத்தியா உன் கேள்வியெல்லாம்?"

"பாத்தேன். சிரிக்கறா. நெஞ்சை இறுக்குதான்னா, புதுச் சட்டை இறுக்குதுங்கறா."

"ஜிபாருக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன்."

கத்தி நிற்கவில்லை. "அவளுக்கு எதுக்கு?"

"பதினேழுதான ஆகுது."

"ராய்கான், அவ மருமக. இது பிள்ளைங்களுக்கு."

"மருமகள்னா வயசு கூடிடுமா?"

"காகிதத்துல பதினேழுன்னு எழுதினா அடுத்த கேள்வி என்ன? புருஷன் யாரு, யாரு ஓதினது, யாரு குடுத்தா, யாரு வாங்கினா. நீயா வந்து பதில் சொல்லுவே? எனக்கு வேலை போகும். உலானை எல்லையிலயே பிடிப்பான்."

"எழுத வேணாம். சும்மா கேளு. வாயால."

"என்னன்னு கேப்பேன்?"

"ஒம்பதாவதைக் கேளு."

இப்போது கத்தி நின்றது. அசில்கான் என்னைப் பார்க்கவில்லை, கேரட்டைப் பார்த்தாள். "ஏதாவது சொன்னாளா?"

"ரொட்டி கருகுது. சாப்பிட மாட்டேங்கறா. மூஞ்சி மூஞ்சியா இல்ல. நீ படிச்சவ, அந்தத் தாள்ல இருக்கற எட்டும் அவகிட்ட இருக்கு. ஒம்பதாவது இருக்கா இல்லையான்னு நீதான் கேக்கணும்."

"நானும்தான் மருமகளா வந்தேன்," என்றாள், மறுபடி அரிந்துகொண்டே. "ஆறு மாசம் கழுதைக் கொட்டகையில போய் அழுதேன். யார் வந்து கேட்டா? எந்த பிஷ்கெக்லேருந்து வந்தா? பழகிடும். ஒரு குழந்தை ஆச்சுன்னா சரியாப் போயிடும்."

"குழந்தைக்கு உலான் ஃபோன்லயே வருவானா?"

"போடி. வாயைக் கழுவு."

சிரிக்கவேண்டிய இடம். இருவருமே சிரிக்கவில்லை.

சோல்பானிடமும் சொன்னேன். அடுத்த முறை அவள் வந்தபோது வாசலில் சேற்றுக்குப் பயந்து பலகைமேல் நின்று, டாக்சிக்குக் காத்திருந்தாள். நல்ல பெண். குரலில் கள்ளம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல முகம் வாடிற்று.

"அக்கா, எங்க பட்டியல்ல கல்யாணம் ஆகாதவங்கதான். பெத்தவங்க சம்மதக் கையெழுத்து வேணும். மாமியார் கையெழுத்துக்குக் கட்டமே இல்ல."

"ஒரு கட்டம் வரைஞ்சுக்கோயேன். நாயை எடுத்துட்டு வாலிபால் போடலையா?"

"அது வேற அக்கா. இது மேல போய் முடிவு பண்ணணும்." டாக்சி வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். "நிஜமா பதினேழா?"

"ஆமா."

"தெரிஞ்சா நான் புகார் எழுதணும். புகார் எழுதினா டீச்சர் போயிடுவாங்க. டீச்சர் போனா இந்த வேலையே நின்னுடும். ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்கு உள்ள தாள் அக்கா." டாக்சி வந்தது. கதவைத் திறந்துகொண்டு, "நீங்க சொல்லலை, நான் கேக்கலை," என்றாள். ஏறும்போது ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது.

மார்ச் முதல் திங்கட்கிழமை ஒன்பதாவது கேள்வி சபைக்கு வந்தது. அதற்குமுன் இரண்டு வாரமாக அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எர்கேஷ் வேண்டாம் என்பார், அசில்கான் விடமாட்டாள். "இதை எடுத்தா மிச்சம் எட்டும் சும்மா" என்று பல்லைக் கடிப்பாள். நடுவில் ஒரு தடவை சமரசமாக, 'எங்கேயாவது தூரமாகப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா' என்று மாற்றி பெகிமாய் வகுப்பில் கேட்டுப் பார்த்தார்கள். வகுப்பு முழுக்க ஆமாம். எங்கே? மாஸ்கோ. ஒரு பையன் மட்டும் கொரியா. அதனால் பழைய வாக்கியமே திரும்பி வந்திருந்தது.

"பிள்ளைங்க வாயில சாவுப் பேச்சை நாமளே கொண்டுபோய் வைக்கிறதா?" என்றார் எர்கேஷ். "ரொட்டி இருக்கற விரிப்புல வச்சு இதைப் பேசறதே எனக்குக் கூசுது."

சோல்பான் பொறுமையாகச் சொன்னாள். "கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு வந்துடாது தாத்தா. நிறைய இடத்துல கேட்டுப் பாத்துட்டாங்க. கேட்டா சில பேருக்குப் பாரம்தான் குறையுது."

"சரி, ஒருத்தன் ஆமாங்கறான். அப்புறம்?" இது மாமசாலி.

"டாக்டர்கிட்ட அனுப்பணும்."

"மனசு பாக்கற டாக்டர் எங்க இருக்கார்?"

"ஓஷ்ல."

"எத்தனை பேர்?"

சோல்பான் விரிப்பின் ஓரத்தை நிமிண்டினாள்.

"அவர் பாக்கறாரோ இல்லையோ, கல்வி ஆபீஸ்லேருந்து ஒருத்தன் என்னைப் பாக்க வருவான். உன் பள்ளிக்கூடத்துல ஏன் பிள்ளைக்கு இப்படித் தோணிச்சும்பான். ஏன் கரி வரலைன்னு நான் அவனைக் கேக்க முடியுமா? ஆமான்னு சொல்ற பிள்ளைக்குக் குடுக்க உங்ககிட்டயும் ஒண்ணுமில்ல, எங்கிட்டயும் ஒண்ணுமில்ல. இல்லாத சரக்குக்கு எதுக்கும்மா கடையைத் திறக்கறீங்க?"

எல்லோரும் அசில்கானைப் பார்த்தோம். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வெளுத்து வாங்குவாள். ஜிபார் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில் முட்டி மடித்து உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

"எடுத்துடலாம்," என்றாள் அசில்கான்.

"டீச்சர்?" என்றாள் சோல்பான்.

"பெரியவங்க சொல்றது சரிதான். நம்ம ஊருக்கு ஒத்து வராது. எட்டு போதும்."

விலை சொன்னவளே கேட்காமல் விலையை இறக்கினால், சரக்கில் ஏதோ இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். யாரிடமிருந்து தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். நான் பாதாமிக் கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டிருந்தேன். அசில்கான் பென்சிலால் ஒன்பதின்மேல் ஒரு கோடு போட்டு, தாளை ஜிபார் பக்கம் நகர்த்தினாள். "நல்லெழுத்துல ஒரு பிரதி எடுத்துடும்மா."

ஜிபார் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கிண்ணங்களை வாங்கித் தேநீர் ஊற்றினாள். முதலில் எர்கேஷுக்கு, அப்புறம் மாமசாலிக்கு, சோல்பானுக்கு, எனக்கு, கடைசியில் மாமியாருக்கு. முறை பிசகவில்லை, கையை நெஞ்சில் வைத்துத்தான் நீட்டினாள். ஐந்து கிண்ணமும் விளிம்பு வரை. எர்கேஷ் வாங்கியபோது சூடாக விரலில் வழிந்தது.



"கண்ணு எங்கே இருக்கு உனக்கு?" என்றாள் அசில்கான் மெதுவான குரலில்.

எர்கேஷ்தான் காப்பாற்றினார். பெரிதாகச் சிரித்தார். "டீச்சரம்மா, மருமக நம்மளைக் கிளம்பச் சொல்றா. நாம பேசினது போதும்னு அவளுக்கே தோணிடுச்சு." மாமசாலியும் சிரித்தார். "வேலையும் முடிஞ்சுது. நல்ல மருமக, நேரம் தெரிஞ்சவ." கையெழுத்துப் போட்டார்கள். கை உயர்த்தி துவா கேட்டு முகத்தில் தடவி எழுந்தார்கள். சோல்பான் காலணி மாட்டும்போது ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஓஷில் இரவு வண்டி பிடிக்கவேண்டும்.

நான் முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நாக்கு வெந்துவிட்டது.

மறுநாள் பிற்பகல் சந்தையில் ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்பது மெத்தை விலை பேசிக்கொண்டிருந்தபோது பெகிமாயின் ஃபோன் வந்தது. அவள் பேச்சில் பேச்சு இல்லை, "அண்ணி, அண்ணி" என்பது மட்டும்தான். கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் எனக்குமுன் போய்விட்டிருந்தது. முற்றத்தில் பெருக்கிய கோடுகள் கலையாமல் இருந்தன. அன்றைய ரொட்டியெல்லாம் பதமாக வெந்து துணியில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் புதுப் பிரதி, எட்டுக் கேள்வி, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

உயிர் தப்பியது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். "என்ன ஆச்சு? என்ன சாப்பிட்டா?"

"பழைய கறி," என்றாள் அசில்கான். "மின்சாரம் போய்ப் போய் வருதில்ல. ஃப்ரிட்ஜ்ல கெட்டுப்போயிருக்கு."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கேட்க அவரிடமும் ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் பதிலை எங்கே அனுப்புவது என்பதும் இருந்தது. உணவு நஞ்சு என்று எழுதினார்.

ஜிபாரின் அம்மா துர்சுனாய் மலைப்பக்கத்து ஊரிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தாள். பையில் வீட்டு வெண்ணெயும் உப்புத் தயிர் உருண்டையும். தாழ்வாரத்தில் மகளுக்காக அழுதது கொஞ்ச நேரம். மிச்ச நேரம் பேச்சு.

"நான் வேணா கூட்டிட்டுப் போயிடவா சம்பந்தி?" என்றாள், கேட்கிற குரலில் கேட்காத மாதிரி.

"உங்க இஷ்டம்," என்றாள் அசில்கான். "நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

"அது தெரியும். ஊரே சொல்லுது, டீச்சர் வீட்டுல குடுத்து வச்சவன்னு."

"அப்ப கூட்டிட்டுப் போ," என்றேன் நான். "வண்டிக்காசு நான் தர்றேன்."

துர்சுனாய் என்னை அப்போதுதான் பார்த்தாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெண்டு பையன்."

"அதான். எனக்கு வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு. இவ திரும்பி வந்து உக்காந்தா அதுங்களை யாரு கேப்பா?" வெண்ணெயை அசில்கான் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் உடம்பு தேறட்டும். ரொட்டி வேலை மட்டும் ஒரு மாசம் வேணாம்னு சொல்லுங்க."

"சரி," என்றாள் அசில்கான். "ஒரு மாசம்."

படிந்துவிட்டது. நான் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். சரக்கின் காதில் விழுகிற தூரத்தில் வைத்துப் பேசி முடித்தது அதுதான்.

உலான் ஃபோனில் வந்தான், கிடங்கின் இரைச்சலோடு. "என்னம்மா நீ, கெட்டுப்போன கறியெல்லாம் ஏன் குடுக்கறே அவளுக்கு?" நிஜமாகவே கோபம். பணம் அனுப்புகிறேன், புது ஃப்ரிட்ஜ் வாங்கு என்றான்.

உள்ளே போனோம். ஜிபாருக்குக் குரல் தேய்ந்துபோயிருந்தது. அசில்கான் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். நான் கொடுத்த போர்வை. "ஏம்மா இப்படிப் பண்ணினே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

ஜிபார் அவளைப் பார்த்தாள்.

"ஒம்பதாவதை எடுத்துட்டீங்களே டீச்சர்," என்றாள்.

அசில்கான் ஏற்கெனவே சரியாக இருந்த போர்வையை மறுபடி சரிசெய்தாள். வெளியே வந்து ஜன்னலைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கிற்று. தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மொழிக்காரிக்கு அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் பாதாமி மரங்கள் பூத்தபோது கணக்கெடுப்பு வந்தது. எங்கள் தெருவில் குலுக்கலில் விழுந்த வீடுகளில் அசில்கான் வீடும் ஒன்று. சோல்பானே வந்தாள், கையில் பலகைக் கணினியோடு. அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னையும் உட்கார வைத்தார்கள். விரிப்பு, ரொட்டி, வெண்ணெய். துர்சுனாயின் வெண்ணெய் தீர்ந்துவிட்டிருந்தது, இது கடை வெண்ணெய்.

"வீட்டுல யாரு யாரு?"

"நான். மக பெகிமாய், பதினாறு. மருமக."

"மருமகளுக்கு வயசு?"

முற்றத்தில் கோழி கொக்கரித்தது. ஜிபார் தேநீரோடு வந்து முட்டி மடித்தாள். இளைத்திருந்தாள். மேற்சட்டை அவளுக்கு எடுத்ததாகத் தெரியவில்லை.

"இருபது," என்றாள் அசில்கான்.

சோல்பான் விரலைத் தூக்கியவள், அப்படியே வைத்திருந்தாள். பிறகு தொட்டாள். இருபது விழுந்தது. பெகிமாயைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினாள். வாலிபால்? "இல்ல, நல்லாத்தான் ஆடறேன்." தூக்கம்? "பரீட்சைக்கு மட்டும்." நெஞ்சை யாரோ கையால் பிடித்து இறுக்குகிற மாதிரி? பெகிமாய் அண்ணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. "இல்ல," என்றாள்.

ஜிபார் தேநீர் ஊற்றினாள். சோல்பானுக்குப் பாதி. மாமியாருக்குப் பாதி. பெகிமாய்க்குப் பாதி. என் கிண்ணத்தை வாங்கினாள், விளிம்பு வரை ஊற்றினாள், கையை நெஞ்சில் வைத்து நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சோல்பான் முடிவை உரக்க வாசித்தாள், அது விதியாம்.

"வீட்டு ஆட்கள் மூணு. பன்னெண்டுலேருந்து பதினெட்டு ஒண்ணு. கேட்டது ஒண்ணு. மொத்த மார்க் இருபத்திநாலுக்கு ரெண்டு. கவலைப்பட வேண்டியவங்க, இந்த வீட்டுல யாருமில்ல."